நிமிடத்துக்கு 27 மீட்டர்

கன்னியாகுமரி மாவட்டத்தைக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிக் கடந்தால் கத்தியின் வடிவம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறிக்கொண்டே போகும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்களில், அதாவது பழைய நாஞ்சில் நாட்டில், கதிரறுக்கும் அரிவாள். பனை நிற்கும் இடங்களில் பாளை அரிவாள். பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மிக மெல்லிய சீவலாக எடுக்க வேண்டியிருப்பதால் அதன் கூர்மைக்குப் பனையேறிகள் அவ்வளவு மெனக்கெடுவார்கள். கல்குளம், விளவங்கோடு மலையோரங்களில் ரப்பர் பால் வெட்டும் கத்தி. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை நீளும் கடற்கரையில் மீன் வெட்டும் கத்தி. வீட்டுக்கு வீடு ஒரு வெட்டுக்கத்தி. அடித்துச் செய்யும் கத்திகளுக்கு ரம்பம் அவசியமே இல்லை. பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் உளியை வைத்து ஒரே போடில் துண்டாக்கத் தெரிந்த கொல்லருக்கு அறுக்கிற வேலை எங்கிருந்து வரும்? ஆனால் கத்தி செய்ய இன்னொரு வழியும் உண்டு. எஃகுப் பட்டையின்மேல் உருவத்தை வரைந்து, கோட்டை ஒட்டி அறுத்தெடுத்து, மிச்சத்தைக் கிரைண்டரில் தேய்த்து முகம் கொண்டுவந்து, கடைசியில் உலையில் வைத்துத் துவைச்சல் போடுவது. ஒரே அளவில் பத்துக் கத்தி வேண்டுமென்றாலோ, சம்மட்டி அடிக்க ஆள் கிடைக்காவிட்டாலோ இதுதான் சுலபம். அதற்கு வளைவையும் அறுக்கும் ரம்பம் வேண்டும். அதாவது, சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை ரம்பமான பேண்ட்சா.

பேண்ட்சாவுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. நட்டு 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்துபோன ரப்பர் மரம் மில்லுக்குப் போகிறது. அயினியும் பலாவும் தேக்கும் போகின்றன. பெரிய மில்களில் ஆளுயரச் சக்கரங்களும், தச்சுப் பட்டறைகளில் 14 அங்குலச் சக்கரம் பூட்டிய சிறிய இயந்திரங்களும் ஓடுகின்றன. ஆகவே கத்தி செய்ய நினைப்பவருக்கு முதலில் தோன்றும் யோசனை இதுதான்: பழைய தச்சு பேண்ட்சா ஒன்றை வாங்கி, மரம் அறுக்கும் பிளேடைக் கழற்றிவிட்டு, இரும்பு அறுக்கும் பிளேடை மாட்டினால் என்ன? மாட்டலாம். இயந்திரம் ஓடும், தீப்பொறி பறக்கும், சற்று நேரத்தில் பல் மழுங்கிப் பிளேடு எஃகின்மேல் வெறுமனே வழுக்கத் தொடங்கும். அப்போது சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. பிளேடு மட்டரகம் என்பது ஒன்று. மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்பது மற்றொன்று. முதலாவது சில சமயம் உண்மை. இரண்டாவது அநேகமாக எப்போதுமே தவறு. தவறு மட்டுமல்ல, உண்மைக்கு நேர் எதிரான திசையில் கை காட்டுகிறது. எஃகுக்கு பேண்ட்சா தேர்ந்தெடுக்கிறவர் குதிரைத்திறனையும் எடையையும் பிறகு விசாரிக்கலாம். முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு மெதுவாக ஓடும் என்பதை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறித் திரும்புவது. பட்டறைகளில் சாதாரணமாகக் காணும் நான்கு துருவ மோட்டார் அதில் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றும். கப்பிகள் அதைப் பாதியாக்கினால் பேண்ட்சாவின் சக்கரம் 720 சுற்று. 14 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 1.117 மீட்டர். ஆகவே பிளேடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 மீட்டர் ஓடுகிறது. மரத்துக்கு இது நல்ல வேகம். பதம் தளர்த்திய கத்தி எஃகை அறுக்கத் தக்க வேகமோ நிமிடத்துக்கு 20 முதல் 30 மீட்டர் வரைதான். மைல்டு ஸ்டீல் என்றால் 50, 60 வரை போகலாம். அதாவது தச்சு இயந்திரம் ஓட வேண்டியதைப்போல 30 மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் முன்பின் என்று சமாளிக்கக்கூடிய வித்தியாசம் அல்ல இது.

இந்த 30 மடங்கு என்ன செய்கிறது? எஃகை அறுக்கும் பல் அதைக் கிழிப்பதில்லை. தன் முன்னால் உள்ள உலோகத்தை நசுக்கி, சறுக்கவைத்து, சுருளாகத் தள்ளுகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. பிளேடை எதிர்த்து நிற்கும் விசை 50 நியூட்டன், அதாவது 5 கிலோ எடையின் இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 27 மீட்டர் வேகத்தில் அந்த வெட்டுவாயில் பிறக்கும் வெப்பம் 22 வாட். அதே விசை, 800 மீட்டர் வேகம் என்றால் 670 வாட். ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத பிளவுக்குள் இஸ்திரிப் பெட்டியளவு சூடு. மரம் இதைத் தாங்குகிறது, ஏனென்றால் மரத்தை அறுக்கத் தேவைப்படும் விசை மிகக் குறைவு. எஃகில் அந்தச் சூடு பல்லின் நுனியில் போய்த் தங்குகிறது. போதாக்குறைக்கு, ஆறவும் நேரமில்லை. 14 அங்குல இயந்திரத்தின் பிளேடு ஏறத்தாழ 2.36 மீட்டர் நீளம். மெதுவாக ஓடும்போது ஒரு பல் எஃகைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர 5 விநாடி ஆகும். வேகமாக ஓடும்போது ஒரு விநாடியில் ஐந்தாறு முறை வந்துவிடும். சாதாரணக் கார்பன் எஃகில் செய்த பல் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே பதம் இழக்கத் தொடங்குகிறது. அதன்பின் அது அறுக்கும் கருவி அல்ல, தேயும் இரும்பு.

வேகத்துக்கும் கருவியின் ஆயுளுக்கும் உள்ள உறவை முதலில் எண்களாகப் பிடித்தவர் அமெரிக்கரான ஃபிரெடரிக் டெய்லர். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்தவர் என்று நிர்வாகப் பாடங்களில் வருபவர் இவரேதான். அந்தப் பெயரை வைத்து இவர்மேல் கோபப்பட நியாயம் உண்டு, ஆனால் உலோகம் வெட்டுவதில் இவர் செய்த வேலையை ஒதுக்க முடியாது. 26 ஆண்டுகள் சோதனை செய்து, 8 லட்சம் பவுண்டு இரும்பையும் எஃகையும் சுருளாகச் சீவித் தள்ளி, கண்டதை 1906ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் தலைமையுரையாகப் படித்தார். வெட்டும் வேகத்தை, கருவி தாங்கும் நேரத்தின் எட்டாம் மூலத்தால் பெருக்கினால் மாறாத எண் வரும் என்பது அவருடைய சூத்திரம். கேட்கச் சாதுவாக இருக்கிறது. இதன் பொருள், வேகத்தை 9 சதவீதம் கூட்டினாலே ஆயுள் பாதியாகிவிடும். இரண்டு மடங்காக்கினால் ஆயுள் 256ல் ஒரு பங்கு. 30 மடங்குக்கு இந்தச் சூத்திரத்தை நீட்டுவது முறையல்ல, அந்த எல்லையில் அது செல்லுபடியாகாது. ஆனால் எந்தப் பக்கம் போகிறோம் என்பதில் சந்தேகம் மிச்சமில்லை. இதே டெய்லரும் மான்செல் வைட்டும் 1898 முதல் பெத்லஹேம் எஃகு ஆலையில் செய்த ஆய்விலிருந்துதான் அதிவேக எஃகு என்ற வகை வந்தது. டங்ஸ்டன் கலந்த அந்த எஃகு 600 டிகிரி அளவுக்குச் சூடேறியும் தன் கடினத்தை விடாது. இன்று பைமெட்டல் பிளேடு என்று கடையில் கேட்டு வாங்குவது அந்த வம்சம். வளையும் ஸ்பிரிங் எஃகு முதுகின்மேல் அதிவேக எஃகுக் கம்பி ஒன்றை எலக்ட்ரான் கற்றையால் பற்றவைத்து, அதில் பல் வெட்டியிருப்பார்கள். கத்தி வேலைக்கு இதைவிட மலிவானதை வாங்குவது கடைசியில் கூடுதல் செலவு.

பிளேடு அவ்வளவு சூடு தாங்குமானால் வேகமாகவே ஓட்டலாமே என்று கேட்கலாம். இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது. என் பார்வையில் வெப்பத்தைவிட இதுவே ஆழமானது. ஓர் அங்குலத்துக்கு 14 பல் உள்ள பிளேடில் பல்லுக்குப் பல் இடைவெளி 1.8 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 27 மீட்டர் ஓடினால் சுமார் 15,000 பற்கள் ஒரு நிமிடத்தில் எஃகைக் கடந்துபோகின்றன. கையால் தள்ளி நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் அறுக்கிறோம் என்றால், ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சீவலின் தடிமன் 4 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்கு. இதற்குக் கீழே போனால் பல் கடிக்காது. எந்தக் கூர்நுனியும் நுணுகிப் பார்த்தால் சற்று உருண்டதுதான். எடுக்க வேண்டிய சீவல் அந்த உருண்டையைவிட மெல்லியதானால் பல் உலோகத்தின்மேல் ஏறி உரசிக்கொண்டு போகும். உரசிய இடம் இறுகும், அடுத்த பல்லுக்கு இன்னும் கடினமாகும். 800 மீட்டர் வேகத்தில் அதே 4 மைக்ரான் சீவல் எடுக்க வேண்டுமென்றால் எஃகை விநாடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தில் பிளேடுக்குள் தள்ள வேண்டும். அப்படித் தள்ள யாராலும் ஆகாது. ஆகவே பிளேடு எவ்வளவு உயர்ந்ததானாலும் அந்த வேகத்தில் அது அறுப்பதில்லை, தேய்க்கிறது. மோட்டாரைப் பெரிதாக்கினால் இன்னும் வலுவாகத் தேய்க்கும்.

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. தொழிற்சாலைகளில் பேண்ட்சாவை நிமிடத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே, சில சமயம் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்திலும் ஓட்டி, கடினமான எஃகையே அறுப்பார்கள். உராய்வு அறுப்பு என்பது அந்த முறை. உண்மைதான். அங்கே பிளேடு வேண்டுமென்றேதான் தேய்க்கிறது. எஃகு உராய்வின் சூட்டில் இளகிவிட, பற்கள் இளகியதை வழித்தெறிகின்றன. எஃகு அதே இடத்தில் நின்று சூடேறுகிறது, ஒவ்வொரு பல்லும் தொட்டதும் விலகி ஓடிவிடுகிறது என்பதால் பிளேடு தப்பிக்கிறது. மொட்டைப் பல்கூட அங்கே போதும். ஆனால் அதற்குப் பலமான சட்டமும் பெரிய மோட்டாரும் தகடு மெல்லியதாக இருப்பதும் வேண்டும். 800 மீட்டர் என்பது சீவி அறுப்பதற்கு மிக அதிகம், உருக்கி அறுப்பதற்கு மிகக் குறைவு. தச்சு இயந்திரம் இரண்டுக்கும் நடுவில், இரண்டின் கெடுதலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நிற்கிறது.

வேகத்தை அடுத்துப் பல். அறுபடும் தடிமனுக்குள் எப்போதும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது ரம்பக்காரர்களின் பழைய விதி. குறைந்தால் எஃகின் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவில் விழுந்து பல்லை உடைக்கும். 6 மில்லிமீட்டர் பட்டைக்கு அங்குலத்துக்கு 14 பல், 4 மில்லிமீட்டருக்கு 18, 3 மில்லிமீட்டருக்கு 24 என்று ஏறத்தாழக் கணக்கு வரும். இந்த விதியை வைத்துக்கொண்டு இங்கே கிடைக்கும் எஃகுகளைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மரம் அறுக்கும் மில்லில் தேய்ந்து கழித்த அகலப் பிளேடு சமையலறைக் கத்திக்கு அருமையான எஃகு. ஆனால் தடிமன் ஒன்று, ஒன்றே கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்கு அங்குலத்துக்கு 60க்கும் மேற்பட்ட பல் தேவைப்படும். அப்படி பேண்ட்சா பிளேடு கிடையாது. ஒரு பேண்ட்சா பிளேடை இன்னொரு பேண்ட்சாவால் அறுக்க முடியாமல் போகிறது. அதற்குத் தகடு வெட்டும் கத்திரியோ கட்டிங் வீலோதான் வழி. ரம்பம் வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வெட்டுக்கத்திக்கும் அரிவாளுக்கும் பெருவாரியாகப் பயன்படும் லாரி கமான் பட்டைக்கு வேறு சிக்கல். அதில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல். கூடவே சிலிக்கானோ குரோமியமோ இருக்கும். தடிமன் ரம்பத்துக்கு வசதியானது. ஆனால் அது வண்டியிலேயே பதம் போட்டு இறுக்கிய எஃகு. கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 40களின் நடுவில் நிற்கும். பைமெட்டல் பிளேடு 35ஐத் தாண்டினால் சீக்கிரம் தேயும், 45ஐ நெருங்கினால் தோற்கும். பழைய அரமோ 60ஐத் தாண்டியது, அதன்மேல் பிளேடை வைப்பதே வீண். ஆகவே ரம்பம் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் இந்த எஃகுகளை முதலில் இளக்கியாக வேண்டும். காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது 770 டிகிரிக்கு மேல், இன்னும் சற்றே சூடாக்கி மிக மெதுவாக ஆறவிடுவதுதான் இளக்கல். குரோமியம் கலந்த பட்டை வெறும் காற்றில் ஆறினாலே ஓரளவு விறைத்துவிடும் என்பதால் எதற்குள்ளாவது புதைக்க வேண்டும். இங்கே நெல் விளையும் நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. உமிச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, உள்ளே நுண்துளைகள் நிறைந்தது, சூட்டை எளிதில் விடாது. எஃகு ஆலைகளிலேயே உருகிய எஃகின்மேல் போர்வையாகத் தூவுவது அதைத்தான். தகரப் பீப்பாயில் நிறையப் போட்டு, சிவந்த பட்டையை நடுவில் செருகி மறுநாள் வரை விட்டுவிட்டால் போதும். மறுநாள் வரும் எஃகு ஆக்சா பிளேடுக்கே இணங்கும்.

சரி, மெதுவாக்குவது எப்படி? மின்விசிறி ரெகுலேட்டரைப் போட்டுப் பார்க்கலாமா என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். வீட்டு இணைப்பில் ஓடும் கெபாசிட்டர் மோட்டாருக்குள் வேகம் ஏறியதும் தொடக்கச் சுருளைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. வேகம் குறைந்தால் அந்தச் சுருள் மறுபடி இணைந்து, இணைந்தபடியே கிடந்து கருகும். மூன்று பேஸ் மோட்டாருக்கு வி.எஃப்.டி. என்ற டிரைவைப் பொருத்தி அதிர்வெண்ணைக் குறைப்பது நவீனமான யோசனை, பாதிவரை குறைப்பதற்கு நல்ல யோசனையும்கூட. ஆனால் 30ல் ஒரு பங்குக்கு அது உதவாது. வேகத்தை மட்டும் குறைக்கும் கருவி முறுக்குவிசையைக் கூட்டித் தருவதில்லை. விசை அதேயளவு நிற்க, வேகம் 30ல் ஒரு பங்கானால் கிடைக்கும் திறனும் 30ல் ஒரு பங்கு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் 25 வாட் மோட்டாராகிவிடும், எஃகைத் தொட்டதும் நிற்கும். மோட்டாரின் பின்னால் இருக்கும் விசிறியும் மெதுவாகிவிடுவதால் அது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளவும் முடியாது. கப்பி மட்டும் போதுமா? ஒரு ஜோடிக் கப்பியில் 4 மடங்கு, தாராளமாகப் போனால் 5 மடங்கு குறைக்கலாம். அதற்கு மேல் சின்னக் கப்பியில் பெல்ட் போதிய அளவு சுற்றாமல் நழுவும். இரண்டு அடுக்குக் கப்பி போட்டாலும் 20, 25 மடங்குதான். நமக்கு வேண்டியது 1,440லிருந்து 24 சுற்றுக்கு, அதாவது 60 மடங்கு.

மிஞ்சுவது கியர்பாக்ஸ். 30க்கு ஒன்று என்ற விகிதமுள்ள வார்ம் கியர்பாக்ஸ் மோட்டார் தொழிலின் தலைநகரான கோயம்புத்தூரிலிருந்து எளிதாக வரவழைக்கக்கூடியது. பழைய கன்வேயர்களிலும் மிக்ஸர்களிலும் கழித்துப் போட்டதும் கிடைக்கும். முன்பிருந்த 2க்கு 1 கப்பியை அப்படியே வைத்து, கப்பிக்கும் சக்கரத்துக்கும் இடையில் இதை நுழைத்தால் 720 சுற்று 24 ஆகிறது. பிளேடின் வேகம் 800லிருந்து நிமிடத்துக்கு 27 மீட்டருக்கு இறங்குகிறது. கப்பிகளைச் சம அளவாக மாற்றினால் 54 மீட்டர், மைல்டு ஸ்டீல் அறுக்கத் தோதானது. இரண்டு படிக் கப்பி ஒன்று இருந்தால் இரண்டு வேலைக்கும் ஆயிற்று. இந்த மாற்றத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஆபத்து, இது தருகிற வலுவேதான். ஒரு குதிரைத்திறனோடு 720 சுற்று சுற்றும் சக்கரத்தின் அச்சுக்கு வரும் முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர். தச்சு இயந்திரத்தின் அச்சும் சாவியும் அதற்கென்று செய்தவை. அரைக் குதிரைத்திறன் மோட்டாரையே வைத்து 24 சுற்றுக்கு இறக்கினால், கியர்பாக்ஸில் முப்பது சதவீதம் வீணாகிறது என்று கழித்துவிட்டாலும் 100 நியூட்டன் மீட்டர் வருகிறது. பிளேடு எங்காவது சிக்கிக்கொண்டால் இழுவை 600 நியூட்டனை நெருங்கும். ஏதோ ஒன்று முறிந்துதான் நிற்கும். ஆகவே இருந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கால் குதிரைத்திறன் மோட்டாரைப் போடுவதும், பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்காமல் சிக்கும்போது நழுவ விடுவதும்தான் புத்திசாலித்தனம். அறுப்புக்கு வேண்டியது 22 வாட், தாராளமாக எடுத்தாலும் 50 வாட் என்பதை மேலே பார்த்தோம். மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்ற பேச்சு எவ்வளவு தூரம் வழி தவறியது என்பது இந்த இடத்தில் வெளிச்சமாகிறது.

இவ்வளவு பாடுபடுவதற்கு, இரும்புக்கென்றே செய்த சிறிய பேண்ட்சாவை வாங்கிவிடலாமே என்பது நியாயமான கேள்வி. படுத்தும் நிமிர்ந்தும் வேலை செய்யும் நாலரை அங்குல வகை இயந்திரங்கள் 20, 30, 50 மீட்டர் வேகங்களோடு வருகின்றன. கையில் பிடித்து அறுக்கும் பேண்ட்சாவை நிமிர்த்தி நிறுத்தி ஒரு சின்ன மேசையைப் பொருத்துகிறவர்களும் உண்டு. வேகத்தைப் பொறுத்தவரை இரண்டும் சரியானவை, அவசரக்காரருக்கு நான் சொல்வதும் இவற்றைத்தான். ஆனால் அவற்றின் பலவீனம் சக்கரம். பிளேடு சக்கரத்தைச் சுற்றி வளையும்போது அதன் வெளிப்பக்கம் நீள்கிறது; அந்த வளைவுத் தகைவு பிளேடின் தடிமனைச் சக்கர விட்டத்தால் வகுத்ததற்கு நேர்விகிதம். 0.65 மில்லிமீட்டர் பிளேடு 14 அங்குலச் சக்கரத்தில் சுமார் 370 மெகாபாஸ்கல் தகைவுக்கு உள்ளாகிறது. ஏழேகால் அங்குலச் சக்கரத்தில் அது 700ஐத் தாண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வளைந்து நிமிரும் எஃகு கடைசியில் களைத்து முறியும். 1808ல் வில்லியம் நியூபெரி லண்டனில் பேண்ட்சாவுக்குக் காப்புரிமை வாங்கியும் அது பல்லாண்டுகள் புழக்கத்துக்கு வராததற்குக் காரணம், இப்படி வளைந்து வளைந்து ஓடத் தாங்கும் பட்டையும் அதன் ஒட்டும் அன்று யாரிடமும் இல்லை. தச்சு இயந்திரத்தின் பெரிய சக்கரம் அந்த வகையில் ஒரு சொத்து. வேகத்தைக் குறைத்தால் நிமிடத்துக்கு வளையும் தடவைகளும் 30ல் ஒரு பங்காகின்றன என்பது கூடுதல் லாபம். அறுக்கும் வேலை மாதத்தில் ஓரிரு நாள் என்றால் சிறிய இயந்திரம் போதும். தினமும் என்றால் மாற்றியமைத்த பெரிய சக்கரம் பிளேடு செலவிலேயே தன் விலையைத் திருப்பித் தரும்.

ஒரே இயந்திரத்தில் காலையில் மரமும் மாலையில் எஃகும் அறுக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் ஆதரிக்க முடியாது. கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும் தொல்லை ஒரு பக்கம். சக்கரத்தின் ரப்பர் விளிம்பில் எஃகுத் தூள் பதிந்து அடுத்த பிளேடின் பல்லைக் கெடுப்பது இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்குள் குவிந்த மரத்தூளில் ஒரு பொறி விழுந்தால் உடனே எரியாது. உள்ளுக்குள் கனிந்துகொண்டிருந்து, பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனபிறகு பற்றும்.

ஆங்கிள் கிரைண்டர் இருக்க ரம்பம் எதற்கு என்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம், ஏனென்றால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மலிவு, எங்கும் கிடைக்கும், விறைத்த எஃகையும் வெட்டும். கமான் பட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டுமென்றால் அதுவே போதும். ஆனால் கட்டிங் வீல் வெட்டிய ஓரம் நீலம் பாய்ந்திருக்கும். அங்கே எஃகு நொடியில் சிவந்து, பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த பகுதி சூட்டை இழுத்துக்கொள்வதால் நொடியில் ஆறியும் விடுகிறது. தண்ணீரில் முக்காமலே துவைச்சல் விழுந்துவிடும். கார்பன் மிகுந்த எஃகில் அந்த மெல்லிய விளிம்பு கண்ணாடிக்கு நிகராக விறைத்து, பின்னால் வரும் அரத்தையும் ட்ரில்லையும் தின்னும். உள்வளைவை அதனால் வெட்டவும் முடியாது, பல நேர்வெட்டுகளாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும். லேசர் வெட்டுக்கும் இதே விளிம்புச் சிக்கல் சிறிய அளவில் உண்டு. ஆனாலும் ஒரே வடிவில் நூறு கத்தி என்றால் லேசரிடம் கொடுத்துவிடுவதே சரி. அங்கே பேண்ட்சாவுக்காக வாதாடுவதில் பொருளில்லை. ஐந்தும் பத்துமாக, ஒவ்வொருவர் கைக்கும் தோட்டத்துக்கும் ஏற்ப வடிவம் மாறுகிற இடம்தான் பேண்ட்சாவின் இடம்.

ஓட்டும்போது சீவலைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெள்ளையாகச் சுருண்டு விழுந்தால் வேகமும் அழுத்தமும் சரி. மாவாக உதிர்ந்தால் அழுத்தம் குறைவு, பல் உரசிக்கொண்டிருக்கிறது. நீலம் பாய்ந்தால் வேகம் அதிகம். புதுப் பிளேடைக் கொஞ்ச நேரம் பாதி அழுத்தத்தில் பழக்கிவிட வேண்டும். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் தண்ணீர் கலந்த குளிர்விப்பான் இயந்திரத்தை முதலில் தின்றுவிடும். இந்த வேகத்துக்கு அது தேவையும் இல்லை. பிளேடில் அவ்வப்போது மெழுகு தேய்த்தால் போதும், நகைத் தட்டார்கள் கம்பி வாளுக்குத் தேய்ப்பதுபோல. தேனீ வளர்ப்பில் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கும்போது அதற்கு அலைய வேண்டியதுமில்லை.

பிளேடின் அகலம் வளைவைத் தீர்மானிக்கிறது. 13 மில்லிமீட்டர் பிளேடு ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைந்த வளைவில் திரும்பாது. 6 மில்லிமீட்டர் பிளேடு 16 மில்லிமீட்டர் ஆரம் வரை வரும், ஆனால் சீக்கிரம் முறியும். வெட்டுக்கத்திக்கு அகலமானதே போதும். பால் வெட்டும் கத்திக்குப் போதாது. 1984ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் கீரிப்பாறைத் தோட்டமானாலும், நாலு ஏக்கர் சொந்தத் தோட்டமானாலும், பட்டைக்குள் வளர்திசு தொடங்க ஒரு மில்லிமீட்டர் அளவு மிச்சமிருக்கும்போதே அந்தக் கத்தி நிற்க வேண்டும். கொஞ்சம் ஆழப் பாய்ந்தாலும் மரம் காயப்பட்டு முடிச்சு விழும். அந்தக் கட்டுப்பாட்டைத் தருவது அதன் சின்னத் தலையும் தலையின் மடிப்பும். தலையின் வெளிக்கோட்டை 6 மில்லிமீட்டர் பிளேடு அறுக்கும். அதற்கும் இறுகிய மூலைகளில் முதலில் ட்ரில்லால் ஓட்டை போட்டு, ஓட்டைவரை அறுத்து, மிச்சத்தை அரத்தால் அராவ வேண்டும். மடிப்பை எந்த ரம்பமும் கொடுக்காது, அது உலைச் சூட்டில்தான் வரும். குரோமியம் உள்ள எஃகானால் அந்தச் சூட்டிலிருந்து ஆறும்போதே மறுபடி விறைத்துவிடும். அதன்பின் அறுக்க ஏதாவது பாக்கியிருந்தால் இன்னொரு இரவு உமிச்சாம்பலில் கிடக்க வேண்டும். அறுப்பையும் ஓட்டையையும் அராவலையும் மடிப்புக்கு முன்பே முடித்துக்கொண்டால் அந்த இரவு மிச்சம்.